கலாவின் சீனிச் சோதனை

1. கொழுந்து லொறியிலிருந்து இறங்கிய நாள்

தேயிலைத் தோட்டத்து அம்புலன்ஸ் சாவியை என் கையில் கொடுத்த முதல் நாளே, வண்டிக்குள் இருந்த கர்ப்பிணிப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள்.

அதற்கு முன் நான் ஓட்டியது கொழுந்து லொறி. மலையில் நிறை பார்த்து முடித்த தேயிலைக் கொழுந்தை ஏற்றி, வாடிப்போவதற்குள் ஸ்டோரில் கொண்டுபோய் இறக்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். பள்ளத்தில் விழுந்து எழும்பினாலும் கொழுந்து ஒன்றும் கேட்காது. அந்தப் பழக்கத்திலேயே அம்புலன்ஸையும் எடுத்தேன். தெமோதரை ரோட்டைத் தொடுவதற்கு முன்னே பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"டைவர் அண்ணே, நாங்க என்ன கொழுந்து மூட்டையா?"

"பதுளைக்குப் போய்தான் பெத்துக்கணும்னு இருக்கோம். வண்டியிலேயே பெத்துக்க வச்சிறாதீங்க!"

முன் சீட்டில் எங்கள் தோட்டத்துக்கு வந்து கர்ப்பிணிகளைக் கவனிக்கும் மருத்துவமாது இருந்தார். மிஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஹாலிஎல பக்கத்துச் சிங்களப் பெண். தோட்டம் தோட்டமாக வேலை செய்து தமிழ் படித்துக்கொண்டவர். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"மெதுவா போங்க அண்ணா. அவசரம் வந்தா நானே சொல்றேன்."

கிளினிக் நாளில் தாய்மாரைப் பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வேலை முடியும் வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து லயத்துப் பக்கத்தில், அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில், இறக்கிவிட வேண்டும். அதுதான் என் வேலை. ஓட்டுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. பின்னால் நடக்கும் பேச்சுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. மாதவிலக்கு, கர்ப்பப்பை, இரத்தப்போக்கு என்று அவர்கள் பாட்டுக்குப் பேசுவார்கள். நான் ரேடியோவைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். மிஸ் கையை நீட்டி அதை நிறுத்தினார்.

"நீங்களும் கேளுங்க அண்ணா. உங்க வீட்டிலயும் பொம்பளைங்க இருக்காங்கதானே?"

அப்படி என் காதில் விழுந்ததைத்தான் இதில் எழுதுகிறேன். ரம்யா, பிரதீப், என் பிள்ளைகளான நீங்கள் இருவரும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பிரதீப், இது பொம்பளைங்க சமாச்சாரம் என்று தாளைத் தங்கச்சி பக்கம் தள்ளிவிடாதே. அவளுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு உனக்கும் வேண்டும்.

2. வண்டிக்குள் நடந்த வகுப்பு

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்றால் டவுனில் கடை வைத்திருக்கும் வயசான முதலாளிமாருக்கு வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு ஓடி, நாள் முழுக்க மலையில் ஏறி இறங்குகிற பெண்ணுக்கு அது எங்கிருந்து வரும்? வண்டிக்குள் இருந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

மிஸ் மறுத்தார். பெண்ணுக்கு அது வருகிற வழிகளில் சில தனியானவை என்றார். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் வரலாம், அது எல்லோருக்கும் பொது. ஆனால் கர்ப்பம் ஆனபோது சீனி கூடிய பெண்ணுக்கு, நிறை கூடிய பிள்ளை பெற்ற பெண்ணுக்கு, பிறகு நிரந்தரமாகவே வரும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூட. மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களும் கவனிக்க வேண்டும் என்று இன்னொன்றையும் சொன்னார். அதைக் கேட்டு ஒரு சின்னப் பெண் கூச்சத்தோடு கேள்வி கேட்டாள்.

"மாசம் தள்ளித் தள்ளி வர்றதுக்கும் சீனிக்கும் என்ன மிஸ் சம்பந்தம்?"

"எல்லாருக்கும் இல்ல. சில பேருக்கு மாசக்கணக்கா வராது, முகத்தில மயிர் வளரும், உடம்பு போடும். அந்த மாதிரி இருந்தா உடம்பில இன்சுலின் சரியா வேலை செய்யாம இருக்கலாம். அவங்க வெக்கப்படாம வந்து காட்டணும். சீனியும் பாக்கணும்."

"வெக்கப்படாமன்னா? டைவர் அண்ணன் கண்ணாடியில பாக்குறாரே!" என்றது ஒரு குரல்.

நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் காது முழுக்கப் பின்னால்தான் இருந்தது.

3. சரியாக வந்த ரிசல்ட்

கலாவை நான் நன்றாகத் தெரிந்துகொண்டது அந்த வண்டியில்தான். மேற்கணக்கு என்கிற தோட்டத்து மேல் பிரிவின் லயத்தில் இருப்பவள். கொழுந்து எடுப்பவள். புருஷன் சிவகுமாருக்கு ஸ்டோரில் தேயிலை காயவைக்கும் அடுப்புப் பக்கம் வேலை. அவர்களுக்கு ஒரே மகள், தர்சினி. பிறக்கும்போது நாலு கிலோவுக்கு மேல். லயமே கூடி வந்து பார்த்துவிட்டுப் போனது. "பாத்தியா, கலா புள்ளைய, மூனு மாசப் புள்ள மாதிரி!" என்று பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். பெரிய பிள்ளை பிறந்தால் தாய் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறாள் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு சந்தோஷம். அது ஒரு எச்சரிக்கையாகவும் இருக்கலாம் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த கர்ப்பத்தில் கலா பெரகலைக்குக் கீழே இருக்கும் தாய் வீட்டில் போய் இருந்தாள். சீனிச் சோதனைக்கு வரச் சொன்ன நாளில் மழை. மண் சரிந்து பாதை மூடிக்கிடந்தது. அந்த நாள் தவறியது தவறியதுதான். மாதம் நிறைந்த நேரத்தில் வயிற்றுக்குள்ளேயே பிள்ளை அசையாமல் போய்விட்டது. ஆண் பிள்ளை. அதுவும் பெரிய பிள்ளை.

அதற்குப் பிறகு கலா தர்சினியைத் தரையில் விடவில்லை. மற்றத் தாய்மார் காலையில் பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில், பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். கலாவும் விடுவாள். ஆனால் வேலை நேரம் தவிர வேறு எங்கு போனாலும் பிள்ளை இடுப்பில்தான் இருக்கும்.

மூன்றாம் முறை கர்ப்பமானபோது டொக்டர் ஆரம்பத்திலேயே ஒரு முறை இரத்தம் பார்த்தார். அப்போது சீனி கூடவில்லை. ஆறாம் மாதத்தில் முழுச் சோதனை செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார். வெறும் வயிற்றில் வர வேண்டும். முதலில் இரத்தம் எடுப்பார்கள். பிறகு தேசிக்காய், அதாவது எலுமிச்சை, பிழிந்து குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் ஒரு கப் முழுக்கக் குடிக்க வேண்டும். அதன் பிறகு ஒரு மணி நேரத்தில் ஒரு முறை, இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை இரத்தம் எடுப்பார்கள். அவ்வளவு இனிப்பையும் உடம்பு எப்படிச் சமாளிக்கிறது என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை.

அன்றைக்கும் தர்சினி இடுப்பில் வந்தாள்.

ரிசல்ட் சரியாக இருந்தது. மிஸ் சொன்னதும் கலா வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான். மற்றப் பெண்கள் கேலி செய்தார்கள்.

"பரீட்சையில பாஸ் பண்ணினதுக்கு எதுக்குடி அழுவுற? ஹாலிஎலவில வண்டிய நிப்பாட்டி எங்களுக்கு வடை வாங்கிக் குடு!"

சிவகுமார் அன்று பின்நேரம் ஸ்டோர் வாசலிலேயே எனக்காகக் காத்துக்கொண்டு நின்றான். "அண்ணே, சரின்னு சொல்லிட்டாங்களாமே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

4. தர்சினி சொன்னது

இரண்டு கிழமை, அதாவது பதினாலு நாள், கழித்துப் பிள்ளைகளுக்கு நிறை பார்க்க மிஸ்ஸைப் பிள்ளைக் காம்பராவுக்குக் கூட்டிப்போனேன். அம்புலன்ஸைக் கண்டதும் தர்சினி ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, பதுளைக்குப் போறோமா?"

"இன்னைக்கு இல்ல தங்கம். எதுக்கு ஒனக்குப் பதுளை?"

"அந்தத் தண்ணி குடிக்க. தேசிக்காத் தண்ணி. இனிப்பா இருக்குமே!"

பிள்ளைகளைப் பார்க்கும் ஆயம்மா சிரித்தார். "கடையில சோடா வாங்கிக் குடுத்திருப்பா. அதச் சொல்லுது."

"சோடா இல்ல!" என்று தர்சினி கோபித்துக்கொண்டாள். "அம்மாவுக்கு நர்ஸ் மாமி குடுத்தாங்க. அம்மா கொஞ்சம் குடிச்சாங்க. மிச்சம் எல்லாம் எனக்குக் குடுத்தாங்க."

மிஸ் தராசுக் கொக்கியில் ஒரு பிள்ளையைத் தொங்கவிட்டு நிறை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளையைத் தூக்கி ஆயம்மாவிடம் கொடுத்துவிட்டு, தர்சினி முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"மிச்சம் எவ்வளவு தங்கச்சி? மாமிக்குக் காட்டு."

தர்சினி பிள்ளைக் காம்பராக் கப் ஒன்றை எடுத்து, பாதிக்கு மேலேயே விரலை வைத்துக் காட்டினாள்.

"ஐயோ அம்மே," என்றார் மிஸ். எழும்பி என்னைப் பார்த்தார். "அண்ணா, வண்டிய எடுங்க. கலா வீட்டுக்குப் போகணும்."

எனக்குப் பாதிதான் விளங்கியது. தர்சினியையும் ஏற்றிக்கொண்டு போகும் வழியில் மிஸ் விளக்கினார். பாதி இனிப்புக் குடித்தால் பாதிச் சோதனைதான். அதில் வந்த ரிசல்ட் சரி என்று எடுக்க முடியாது. உண்மையில் சீனி கூடியிருந்தாலும் அது மறைந்துபோயிருக்கும்.

5. "எடுத்துறாதீங்க"

கலா வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சிவகுமார் இராத்திரி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். மிஸ் சத்தம் போடவில்லை. இப்படி நடந்ததா என்று மட்டும் கேட்டார். கலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நர்ஸ் முழுசும் குடிக்கத்தான் மிஸ் சொன்னாங்க. அவங்க மேல பழி சொல்லக்கூடாது. நான்தான் தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். இது வாயையே பாக்குது. காலையில எனக்காக அதும் சரியாச் சாப்பிடல. புள்ளைய மடியில வச்சுக்கிட்டு, அதுக்குக் குடுக்காம நான் மட்டும் எப்படி மிஸ் குடிக்கிறது?"

அதற்கு எங்கள் லயத்தில் ஒரு தாயும் வேறு பதில் சொல்ல மாட்டாள். ரொட்டி என்றாலும், ஒரு துண்டு கேக் என்றாலும், முதலில் பிள்ளை கைக்குப் போய்த்தான் தாய்க்கு வரும். அது மருந்து மாதிரி அளந்து கொடுத்தது என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

"மறுபடி எடுக்கணும் கலா. இந்தக் கிழமையே."

சிவகுமார் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"வேணாம் மிஸ்."

"சிவா…" என்றேன் நான்.

"நீங்க சும்மா இருங்கண்ணே. ஒங்களுக்குத் தெரியாது. அந்தப் புள்ள போனதுக்கப்புறம் இவ ஒழுங்காத் தூங்கினதே இல்ல. எந்திரிச்சு எந்திரிச்சு வயித்தத் தொட்டுப் பாப்பா. சரின்னு சொன்னதுக்கப்புறம்தான் இந்த ரெண்டு கிழமையா தூங்குறா. அத எடுத்துறாதீங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்."

மிஸ் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். போன பிள்ளை சீனியால்தான் போனதா என்று கேட்டால் அவராலும் சொல்ல முடியாது. அதை அவர் மறைக்கவுமில்லை. "அது ஏன் போச்சுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன் தம்பி. எனக்குத் தெரியாது. ஆனா இந்தப் பிள்ளைக்காகத் தெரிஞ்சுக்க இன்னும் நேரம் இருக்கு," என்றார்.

தர்சினி மிஸ்ஸின் பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கலா முகம் துடைத்த துண்டைக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"நான் தூங்கல."

"என்ன?" என்றான் சிவகுமார்.

"நீ வேலைக்குப் போயிருவ. நான் தூங்குறேன்னு சொன்னா ஒனக்கு நிம்மதியா இருக்குமேன்னு சொன்னேன். தண்ணி தாகம் தாங்கல. ஒன்னுக்குப் போக எந்திரிச்சுக்கிட்டே இருக்கேன். அந்தப் புள்ளைக்கும் இப்படித்தான் இருந்துச்சு." அவள் மிஸ்ஸைப் பார்த்தாள். "எப்ப மிஸ் போகணும்?"

6. ஒரு கப் குளுக்கோஸ்

தர்சினியைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வருவது என்று முடிவாகியிருந்தது. நடக்கவில்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் ஆயம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிவந்து, ரோட்டு நடுவில் நின்று கத்தினாள். கலாவின் முகம் மாறிவிட்டது. மிஸ் கதவைத் திறந்தார்.

"ஏத்துங்க. ஆனா அங்க போனதும் இவ டைவர் மாமாகிட்டதான் இருக்கணும். உள்ள வரக்கூடாது."

அப்படித்தான் எனக்கு அன்றைக்குப் பிள்ளை பார்க்கும் வேலை வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி, தர்சினியைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, ஸ்டியரிங்கைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஓட்டினாள். பிறகு ஹோர்னைக் கண்டுபிடித்தாள். காவலாளி ஓடிவந்தார்.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்குள்ள ஹோர்ன் அடிக்கிறது யாரு?"

"புது டைவர்," என்றேன்.

அவர் தர்சினியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். பிஸ்கட் கொடுத்தேன், பாட்டுப் போட்டேன். அதற்குள் அவளுக்கு நினைவு வந்துவிட்டது. அம்மா உள்ளே அந்தத் தண்ணியைக் குடிக்கிறாள்! "எனக்கும் குடும்மா! எனக்கும் குடும்மா!" என்று கிளினிக் ஜன்னலைப் பார்த்துக் கத்தத் தொடங்கினாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. நான் தூக்கிக்கொண்டு மரத்தடிப் பக்கம் போனேன். அங்கேயும் விடவில்லை. வழியில் போனவர்கள் எல்லாம் நான் பிள்ளை பிடிப்பவனோ என்கிற மாதிரிப் பார்த்தார்கள்.

உள்ளே நடந்ததைக் கலாதான் பிறகு சொன்னாள். இந்த முறை நர்ஸ் பக்கத்திலேயே நின்றார். கலா கப்பை வாயில் வைத்தபோது பிள்ளையின் சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"மொத மடக்கு எறங்கவே இல்லண்ணே. சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. நர்ஸ் என் முதுகத் தடவி, 'பிள்ளைக்காகத்தான் குடிக்கிற, குடி'ன்னு சொன்னாங்க. எந்தப் புள்ளைக்குன்னு நெனச்சுக்கிட்டேன். வெளிய அழுவுறதுக்கா, உள்ள இருக்குறதுக்கா? அப்புறம் குடிச்சிட்டேன்."

குடித்து முடித்த பிறகுதான் பெரிய பாடு. அந்த இனிப்பு வயிற்றைப் பிரட்டும். வாந்தி எடுத்துவிட்டால் சோதனை கெட்டுவிடும், இன்னொரு நாள் மறுபடி வர வேண்டும். நடக்கவும் கூடாது. கலா பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் வண்டியில் வந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்து முந்தானையால் விசிறினார்கள்.

"மூச்ச நல்லா இழுத்து விடு."

"அவகிட்ட திங்கிற பேச்சு பேசாதீங்கடி!"

"யாரு பேசினா? நான் மீன்கொழம்பப் பத்தி வாயே தெறக்கல."

"இப்பச் சொல்லிட்டியே, சனியனே!"

கலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் குமட்டல் கொஞ்சம் அடங்கியது என்றாள். வாந்தி எடுக்கவில்லை. கடைசி இரத்தமும் எடுத்து முடித்து வெளியே வந்தபோது தர்சினி என் தோளில் தூங்கிப்போயிருந்தாள்.

சீனி கூடியிருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத அளவு கூடியிருந்தது.

டொக்டர் கோபப்படவில்லை. "வந்தது நல்லதாப் போச்சு," என்றார். திரும்பி வரும்போது வண்டியில் ஒருவரும் கேலி பேசவில்லை. கலா அழவுமில்லை. தர்சினியை மடியில் போட்டுக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஹாலிஎல தாண்டியதும் சொன்னாள்: "இப்ப என்னன்னு தெரிஞ்சிருச்சு மிஸ். இனிமே செய்றதச் செய்யலாம்."

7. லயத்து ரொட்டியும் மண் பானையும்

எங்கள் லயத்துச் சாப்பாட்டை ஒரே நாளில் மாற்ற முடியாது. காலையில் கோதுமை மா ரொட்டி, சம்பல், சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணி. மிஸ் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லவில்லை. ரொட்டியைச் சின்னதாக்கி, பருப்பையும் கீரையையும் கூட்டச் சொன்னார். சில நாள் குரக்கன் என்கிற கேழ்வரகு ரொட்டி. தேத்தண்ணியில் சீனி வேண்டாம். பட்டினி மட்டும் கிடக்கவே கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

மலையில் தேத்தண்ணி நேரத்தில் பேச்சுக் கிளம்பியது.

"கலா, ஒன் பங்குச் சீனிய என் கப்புல போட்டுரு. வீணாப் போகக் கூடாதுல்ல."

"போடுறேன். பத்து வருஷம் கழிச்சு சீனிக்கு ஊசியையும் நீயே போட்டுக்க," என்றாளாம் கலா.

டொக்டர் கொடுத்த மருந்துக் குளிசையும், அதாவது மாத்திரையும், சாப்பாட்டு மாற்றமும் போதாமல் கொஞ்ச நாளில் இன்சுலின் ஊசி தொடங்கினார்கள். ஊசி என்றதும் லயத்தில் பலர் பயந்தார்கள். "ஊசி போட ஆரம்பிச்சா விடவே முடியாதாமே," என்றார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது போடுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள் என்று மிஸ் லயம் லயமாகப் போய்ச் சொன்னார். வீட்டில் பிரிட்ஜ் இல்லை. ஈர மணலுக்குள் சின்ன மண் பானை ஒன்றைப் புதைத்து, அதற்குள் மருந்தை வைக்கப் பழக்கினார். எங்கள் குளிருக்கு அது போதும் என்றார்.

ஊசி போட்டது சிவகுமார்தான். முதல் நாள் அவன் ஊசியைப் பிடித்தபடியே நின்றதைப் பார்த்துக் கலா சொன்னாளாம்: "அவ்வளவு பெரிய அடுப்புக்குள்ள வெறகத் தள்ளுற, இந்த ஊசியத் தள்ள முடியலையா?"

8. பிள்ளை வந்த பிறகு

டொக்டர் சொன்ன நாளில், வலி வருவதற்கு முன்னே, கலாவைப் பதுளைக்குக் கொண்டுபோனேன். கொழுந்து லொறிக்காரன் அன்றைக்கு ஒரு பள்ளத்தில்கூடச் சக்கரத்தை இறக்கவில்லை. ஒப்பரேஷன் செய்துதான் எடுத்தார்கள். ஆண் பிள்ளை. பிறந்ததும் பிள்ளையின் சீனி குறைந்து போனதால், இரண்டு நாள் தனியே வைத்துப் பார்த்தார்கள். சிவகுமார் அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரி மதிலோரத்திலேயே நின்றான். மூன்றாம் நாள் பிள்ளை தாய் மடிக்கு வந்தது. சாதாரண நிறை.

லயத்துக்கு வந்து பார்த்த ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். "என்னடி, அக்காகாரி மாதிரி இல்லையே. பொடியன் சின்னதா இருக்கான்?"

"இதுதான் சரியான அளவு," என்றான் சிவகுமார். அவ்வளவு சத்தமாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

ஊசியை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆறு கிழமை கழித்து மறுபடி அந்தச் சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று காலை ரோட்டில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். கலா வரவில்லை. மிஸ்ஸும் நானும் லயத்துக்கு ஏறினோம்.

"புள்ளைக்காகத்தானே மிஸ் பாத்தோம்? புள்ளதான் நல்லபடியா வந்துருச்சே."

"இப்ப பாக்கிறது உனக்கு."

"எனக்கா?" என்று கலா கேட்டாள். தனக்கென்று ஒரு சோதனை இருக்க முடியும் என்பதே அவளுக்கு நம்ப முடியாததாக இருந்தது. "எனக்கு என்ன மிஸ்? நான் நல்லாத்தானே இருக்கேன்."

சிவகுமாரும் தலையாட்டினான். இன்னொரு நாள் வேலை போகும், பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவன் நினைப்பிலும் தப்பில்லை. அப்போது எனக்குத் தெரிந்த பாஷையில் நான் ஒன்று சொன்னேன்.

"சிவா, நம்ம வண்டி சமதரையில ஓடும்போது ரேடியேட்டர் எப்படின்னு தெரியாது. லோட் ஏத்திக்கிட்டு மலை ஏறும்போதுதான் தெரியும். ஏத்தத்துல சூடாகிப் புகைஞ்ச வண்டிய, இறக்கத்துல நல்லா ஓடுதேன்னு அப்படியே விட்டுருவியா?"

அவன் யோசித்தான். "அடிக்கடி தொறந்து பாக்கணும்," என்றான்.

"அதுதான்," என்றார் மிஸ். "கர்ப்பம் உடம்புக்கு ஒரு ஏத்தம். அதுல கலாவுக்குச் சூடாயிருச்சு. இப்ப சரியா இருக்கலாம். ஆனா வருஷா வருஷம் பாக்கணும். தாய்ப்பால் குடுக்கிறது நல்லது, உடம்பு போடாம பாத்துக்கிறதும் நல்லது. அடுத்து பிள்ளை வேணும்னா, அதுக்கு முன்னாடியே வந்து சொல்லணும்."

"என்னைய இஞ்சினாக்கிட்டீங்க," என்றாள் கலா. ஆனால் எழும்பிச் சேலை மாற்றப் போனாள்.

காலையில் சாப்பிட்டுவிட்டதால் அன்றைக்குச் சோதனை நடக்கவில்லை. அடுத்த கிளினிக் நாளில் நடந்தது. சீனி சாதாரணமாக இருந்தது. அடுத்த வருஷமும் அப்படித்தான். போன வருஷம் கூடியிருந்தது. வருத்தம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை, அதன் வாசற்படி என்றார் டொக்டர். இப்போதே கவனித்தால் பல வருஷம் தள்ளிப்போடலாம், வராமலே தடுக்கவும் முடியலாம் என்றார். குளிசை ஒன்றும் எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்கு வண்டியில் வேறு ஆள் இல்லை. கலா முன் சீட்டில் உட்கார்ந்து குளிசைப் பையை வெகு நேரம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, இதுவரைக்கும் நான் குடிச்ச மருந்தெல்லாம் வயித்துல இருந்த புள்ளைக்கு. எனக்குன்னு குடிக்கப்போறது இதுதான் மொதத் தடவை. ஒரு மாதிரி இருக்கு."

"என்ன மாதிரி?"

"தப்புப் பண்ற மாதிரி," என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

இந்த வருஷம் அவள் கிளினிக்குக்குத் தனியாக வந்தாள். சிவகுமார் வேலைக்குப் போகாமல் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டான். ரிசல்ட் போன வருஷத்தைவிடக் குறைந்திருந்தது. கலாவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பேரை மாற்றிவிடட்டுமா என்றேன். "எதுக்கு? திருடினவ பேரா? போடுங்க," என்றாள்.

பிள்ளைகளே, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து நான் படித்தது இவ்வளவுதான். ரம்யா, மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் போனாலோ, நாளைக்குக் கர்ப்பமாகிச் சீனி கூடினாலோ, வாயைத் திறந்து சொல். அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் என்னிடம் சொல். நான் ரேடியோவைப் போட மாட்டேன். பிரதீப், உன் மனைவி பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரி வேலை முடிந்தது என்று நினைக்காதே. அவளுக்கென்று ஒரு நாள் குறித்துக் கொடுத்திருப்பார்கள். அந்த நாளில் நீ வீட்டில் நின்று பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, அவளை அனுப்பிவை.